அவள் உட்கார்ந்திருந்த நான்கு நாட்கள்

எங்களுக்குப் பிறந்த பெண் குழந்தை ஒரு நாள்தான் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி வந்த என் மனைவி, அதற்குப் பிறகு மூன்று மாதம் வாசற்படியைத் தாண்டவில்லை. சமைத்தாள், துவைத்தாள், கேட்டால் பதில் சொன்னாள். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை.

"உடம்புல ஒண்ணுமில்லப்பா. எங்கனா மரம் மட்டை இருக்கிற பக்கமா கூட்டிக்கினு போ. நடக்கட்டும்" என்றார்.

அப்படித்தான் நாங்கள் நடக்க ஆரம்பித்தோம். அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் பாயில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களுக்குப் புடவை பிரித்துக் காட்டும் வேலையில் இருந்தேன். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. விடிந்ததும் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவோம். ஒரு வாரம் வேகவதியைத் தாண்டித் திருப்பருத்திக்குன்றம், ஒரு வாரம் பாலாற்று மணல், ஒரு வாரம் ஏனாத்தூர் பக்கம் ஏரிக்கரை. முதலில் அவள் எனக்குப் பத்தடி பின்னால் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். நான் திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவாள். நடந்தால் நடப்பாள்.

கேமரா தற்செயலாக வந்தது. கடையில் என்னோடு வேலை பார்த்தவர் பம்பாய்க்குப் போகும்போது, தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களோடு தன்னுடைய பெட்டிக் கேமராவையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். கறுப்பாக, சதுரமாக, சின்ன அரிசி டப்பா மாதிரி இருக்கும். வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். எனக்குக் கடைசி வரைக்கும் அது பழகவில்லை. மரத்தை நடுவில் கொண்டுவர நினைத்து எதிர்ப்பக்கமே நகர்ந்துகொண்டிருப்பேன்.

ஒரு மார்கழிக் காலையில் திருப்பருத்திக்குன்றத்துக்குப் போகும் வழியில் பனி மூடியிருந்தது. ஜைனக் கோயில் மதில் மங்கலாகத் தெரிய, நான் அதைப் படமெடுக்கத் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவள் பின்னாலிருந்து, "அதைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். வீட்டை விட்டு வெளியே வந்து அவளாக ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. கேமராவைக் கொடுத்தேன். அவள் கோயிலைப் பார்க்கவே இல்லை. பாதையோரத்து முள்வேலிக்குப் போய்க் குனிந்தாள். வேலி முழுக்கச் சிலந்தி வலை. ஒவ்வொரு இழையிலும் பனி கோத்திருந்தது.

"எவ்ளோ சன்ன இழை பாருங்க. நம்மால முடியுமா இப்படி" என்றாள்.

அவள் நெசவுக்காரர் வீட்டுப் பெண். பாவாடை கட்டிய வயதிலேயே தறியில் உட்கார்ந்தவள். எங்கள் ஒற்றை அறைக் குடித்தனத்தில் தறி போட இடமில்லாததால், கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலேயே பட்டு நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்று அந்த வலைக்கு முன்னால் எவ்வளவு நேரம் குனிந்தபடி இருந்தாள் என்று தெரியாது. சூரியன் மேலே வந்து, பனித்துளியில் வெளிச்சம் பட்ட பிறகுதான் விசையை அழுத்தினாள். அந்த வெளிச்சம் வரும் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வராமலா போவும்?" என்றாள்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். ஆறு எனக்கு, ஆறு அவளுக்கு. ஒரு சுருள் முடிய ஒரு மாதம்கூட ஆகும். அவள் ஒரு காலை முழுக்க நடந்துவிட்டு ஒன்றுகூட எடுக்காமல் திரும்பிவருவாள். அதைப் பற்றி வருத்தமும் படமாட்டாள்.

படங்களைக் கழுவிக் கொடுத்த ஸ்டுடியோக்காரர் தமாஷான ஆள். ஈரப் படங்களைக் கயிற்றில் மாட்டிவிட்டு, "இதெல்லாம் உன்னுது, இதெல்லாம் அந்த அம்மாவுது, சரியா?" என்று பிரித்துச் சொல்வார். ஒரு தடவைகூட அவர் தவறியதில்லை.

"எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?"

"உன் படத்துல எல்லாம் நடுவுல நிக்குது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த மாதிரி. அந்த அம்மா படத்துல எதுவுமே நடுவுல இல்ல. ஆனா பார்த்துக்கினே இருக்கலாம்."

இதை வீட்டில் சொன்னேன். அவள் சிரித்தாள். குழந்தை போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "புடவைக்குக் கரை வேணும் இல்லீங்களா. எல்லாத்தையும் உடம்புலயே கொண்டாந்து வெச்சா எப்படி?" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு மேல் அப்படி நடந்தோம். நான் வருஷத்தை முகூர்த்த மாதங்களாகப் பிரித்துத்தான் பழகியவன். அவளோடு நடந்த பிறகுதான் அது வேறு விதமாகத் தெரிய ஆரம்பித்தது. பங்குனியில் திருப்பருத்திக்குன்றத்துக் கோயில் குராமரம் பூத்தால் வாசனை ரோடு வரைக்கும் வரும். ஆடிக்காற்றில் பாலாற்று மணல் கணுக்கால் உயரத்துக்குப் புகை மாதிரி ஓடும். அதை அவள் மணலில் மண்டியிட்டு எடுத்தாள். புரட்டாசியில் தும்பிகள். ஐப்பசியில் ஒரு நாள் பாலாற்றில் தண்ணீர் வருவதாகக் கேள்விப்பட்டு ஓடினோம். வெள்ளம் இல்லை, முதல் தண்ணீர். காய்ந்த மணலில் நுரையைத் தள்ளிக்கொண்டு ஒரு சாண் அகலத்தில் மெதுவாக ஊர்ந்து வந்தது. அவள் அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தாள், கேமராவை வயிற்றில் பிடித்தபடி, கால்விரலில் தண்ணீர் தொடும் வரைக்கும்.

தெருவில் பேசத்தான் செய்தார்கள். புருஷனும் பொண்டாட்டியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் சுற்றுகிறார்கள் என்று சிரித்தார்கள். பக்கத்துக் குடித்தனத்து அம்மாள் என் காது படவே, "கோயிலுக்குப் போயி பிரதட்சணம் பண்ணாலும் புண்ணியம் உண்டு" என்றாள். என் மனைவிக்கு அதெல்லாம் உறைத்ததாகத் தெரியவில்லை.

மூன்றாம் வருஷம் வைகாசி. ஏனாத்தூர் பக்கத்து ஏரி வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாங்கள் குறுக்கே நடந்துகொண்டிருந்தபோது ஓர் ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. நான் நடந்துகொண்டிருந்தேன். அவள் நின்றாள்.

"நகருங்க. பார்த்து கால வைங்க. இங்கதான் எங்கயோ வெச்சிருக்குது."

கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. கூடு என்று ஒன்றும் இல்லை. வெறும் தரையில் சின்னப் பள்ளம், சுற்றி நாலு கூழாங்கல், நடுவில் மண் நிறத்தில் நான்கு முட்டைகள். நான் கேமராவைக் கையில் எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம், வாங்க. நம்ம நிக்கிற வரைக்கும் அது உக்காராது. இந்த வெயில்ல முட்டை வெந்துடும்."

கரையில் ஏறி ஒரு கருவேல மர நிழலில் உட்கார்ந்து பார்த்தோம். குருவி இறங்கியது. ஏரியின் மூலையில் மிச்சமிருந்த சேற்றுக் குட்டைக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டது. நனைந்த வயிற்றோடு ஓடிவந்து முட்டைக்கு மேல் நின்றது. உட்காரவில்லை, சிறகை லேசாக விரித்து நிழல் மட்டும் போட்டுக்கொண்டு நின்றது. காய்ந்ததும் மறுபடி குட்டைக்கு ஓடியது. அவள் கண் கொட்டாமல் பார்த்தாள்.

"நாளைக்கு வரலாமா?"

"நாளைக்கு எப்படி? முகூர்த்த சீசன், கடையில மூச்சு விட நேரம் இருக்காது. கருட சேவைக் கூட்டம் வேற."

"நான் மட்டும் வரேன்."

அவள் போனாள். புதன்கிழமை, வியாழன், வெள்ளி, சனி. அம்மா வீட்டுக்குப் போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு, குடையும் ஒரு கோணிச் சாக்கும் கூஜாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு, கத்திரி வெயிலில் அவ்வளவு தூரம் தனியாக நடந்தாள். முதல் நாள் முப்பது அடி தள்ளி உட்கார்ந்தாளாம். குருவி மத்தியானம் வரைக்கும் கத்தித் தீர்த்தது. இரண்டாம் நாள் சாக்கை நனைத்துக் குடை மேல் போட்டுக்கொண்டு இருபது அடியில். மூன்றாம் நாள் பத்தடியில். அன்று கேமராவை மடியிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தக் கேமராவில் பத்தடிக்குக் கிட்டே போனால் படம் மங்கிவிடும். அதனால் நான்காம் நாள் அதே இடத்தில் உட்கார்ந்தாள். சுருளில் மூன்று படம் பாக்கி இருந்தது. அவள் ஒன்றுதான் எடுத்தாள்.

சனிக்கிழமை நான் கடையிலிருந்து வந்தபோது வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். நிறுத்தவே இல்லை.

"டிக்குன்னு சத்தம் கேட்டுச்சி. அது தலையைத் தூக்கி என்னப் பார்த்துச்சி. பயப்படல. அதுக்கு மேல வேணாம்னு தோணிச்சி" என்றாள். பிறகு குரலை இறக்கி, "இந்த நாலு நாளும் எனக்குப் பாப்பா ஞாபகம் வரலீங்க. வரலேன்றதே இன்னிக்கு வர்ற வழியிலதான் தெரிஞ்சிது" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

படம் கழுவி வந்தபோது ஸ்டுடியோக்காரர் தமாஷ் எதுவும் பேசவில்லை. பெரிதாகப் போட்டு வைத்திருந்தார். படத்தில் குருவி சிறியதுதான். கீழே ஒரு மூலையில் நின்றது. மற்றதெல்லாம் வெடித்த தரை, அடிவானம் வரைக்கும். அவ்வளவு பெரிய வெறுமைக்கு நடுவில் ஒரு கையகல நிழல்.

அந்தச் சமயத்தில் ஒரு வாரப் பத்திரிகை, வாசகர்கள் எடுத்த இயற்கைப் படங்களைக் கேட்டிருந்தது. அனுப்புவதற்கான படிவத்தைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, கடையில் சாப்பாட்டு நேரத்தில் நிரப்பினேன். பெயர், தொழில், ஊர். பெயர் என்ற இடத்தில் பழக்கத்தில் என் பெயரை எழுதினேன். எழுதி முடித்த பிறகு பேனா நின்றது. அடித்துவிட்டு அவள் பெயரை எழுதலாமா என்று யோசித்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் தள்ளிவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொரு பிரதி வாங்கியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டில் கட்டுக் கட்டாகத் தொங்கியது. நான் வாங்கவில்லை. அதை இங்கே எழுதிவிடுகிறேன். பழக்கத்தில் எழுதினேன் என்பது உண்மை, யோசித்துவிட்டு மாற்றாமல் விட்டேன் என்பதும் உண்மை.

ஆவணியில் முழுப் பக்கத்துக்குப் படம் வந்தது. ஓடிப்போய் வீட்டில் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தை நெடுநேரம் பார்த்தாள். பிறகு கீழே இருந்த வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"நல்லா வந்திருக்குது" என்றாள்.

"படிவத்துல ஒரு பேருதான் போட முடியும். ரெண்டு பேரும் ஒண்ணுதானே" என்றேன்.

"ஆமா" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம் போல நடக்க வந்தாள். வழக்கம் போலக் கேமராவை வாங்கிப் படம் எடுத்தாள். அதனால் ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டேன். உண்மையிலேயே அப்போது ஒன்றுமில்லாமல்கூட இருந்திருக்கலாம். அத்தோடு நான் வாயை மூடியிருந்தால்.

முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு, கல்லாவுக்குப் பின்னால் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினார். புடவை எடுக்க வருகிறவர்களிடம், "நம்ம பையன் எடுத்ததுங்க" என்று காட்டுவார். அவர்கள் என்னைப் பார்த்து எப்படி எடுத்தாய் என்று கேட்பார்கள். முதலில், "ஏரியில எடுத்ததுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் புடவையைப் பிரித்தேன். பிறகு, "நாலு நாள் ஆச்சிங்க" என்றேன். பிறகு குடை வந்தது. பிறகு நனைத்த சாக்கு. ஒவ்வொரு தடவையும் கேட்பவர்களின் முகம் மலரும், எனக்கு இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றும். சொல்லச் சொல்ல எனக்கே அந்த வெயில் முதுகில் சுட்டது. ஒரு கட்டத்தில் நான் பொய் சொல்கிறேன் என்ற நினைவே எனக்கு இல்லை.

தீபாவளிக்கு முந்தைய வாரம். சாப்பிட வீட்டுக்குப் போக முடியாத கூட்டம். மெட்ராசிலிருந்து வந்த ஒரு குடும்பம் பாயில் உட்கார்ந்திருந்தது. காலேஜில் படிக்கும் பெண் ஒருத்தி படத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கிட்ட போயும் அது பறந்து போகலியா சார்?" என்று கேட்டாள். நான் கையிலிருந்த புடவையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"மொத நாளு முப்பது அடி தள்ளி குந்திக்கினு இருந்தேம்மா. ஒரே கத்தல். ரெண்டாவது நாளு இருபது அடி. கத்திரி வெயிலு, குடை மேல ஈரச் சாக்கு. மூணாவது நாளு கேமராவையே வெளிய எடுக்கல. நாலாவது நாளு டிக்குன்னு ஒரே ஒரு சத்தம். அது தலையைத் தூக்கி என்னப் பார்த்துச்சி. பயப்படல. அதுக்கு மேல வேணாம்னு தோணிச்சி."

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். கடை வாசலில் என் மனைவி டிபன் கேரியரோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது.

முதலாளி அவளைப் பார்த்துவிட்டு, "வாம்மா. இவங்கதாங்க நம்ம பையனோட சம்சாரம்" என்று அவர்களுக்குச் சொன்னார். அந்தப் பெண் திரும்பி, "உங்க வீட்டுக்காரருக்கு எவ்ளோ பொறுமைங்க" என்றாள்.

"ஆமாம்மா. ரொம்பப் பொறுமை" என்றாள் என் மனைவி. கேரியரைப் பாயின் ஓரத்தில் வைத்தாள். "ரசம் மேலடுக்குல இருக்குது. சாய்ச்சிடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. போனேன். தட்டு வைத்தாள், பரிமாறினாள், கடையில் கூட்டம் எப்படி என்று கேட்டாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் ஏதாவது பேசியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் கேமராவை எடுத்தேன்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது" என்றாள்.

அடுத்த வாரம் நூல் சுற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த வாரம் தலைவலி. கார்த்திகையில் ஏரி நிறைந்து நாரைகள் வந்திருந்தன. அதைச் சொல்லி அழைத்துப் பார்த்தேன். "பார்த்துட்டு வந்து சொல்லுங்க" என்றாள். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். மார்கழிக்குப் பிறகு அவள் காரணம் சொல்வதை நிறுத்திவிட்டாள். நான் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

கொஞ்ச நாள் தனியாக நடந்தேன். பன்னிரண்டையும் நானே எடுத்து முடித்த சுருளைக் கழுவக் கொடுத்தபோது, ஸ்டுடியோக்காரர் படங்களைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லியா?"

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது."

அவர் படங்களை உறையில் போட்டுக் கொடுத்தார். அந்தச் சுருளுக்குப் பிறகு நான் கேமராவைப் பரண் மேல் வைத்துவிட்டேன். அந்த ஸ்டுடியோக்காரரும் இரண்டொரு வருஷத்தில் கடையை மூடிவிட்டு மகனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு வாழவில்லை. அதை யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. எனக்குக் காய்ச்சல் வந்தால் விழித்திருந்து பார்த்துக்கொள்வாள். சினிமாவுக்குப் போவோம். திருவிழாவுக்குப் போவோம். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அதையும் ஒருவரையொருவர் குத்திக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அவள் பழையபடி குனிந்துகொண்டே நடக்க ஆரம்பித்தாள். அம்மா வீட்டுக்கு ஏரிக்கரை வழியாக நடந்து போகிறவள், ஊரைச் சுற்றி பஸ்ஸில் போனாள். எனக்கு அது புரிந்தது. புரிந்தும் எட்டு வருஷம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். கேட்டால் அவள் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

எழுபதுகளின் நடுவில் அவளுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மெட்ராசுக்கு அழைத்துப் போனோம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் கடைக்கு லீவு போட்டேன். தை மாதம். காலையில் ஜன்னலோரம் கட்டிலை நகர்த்தி, இளவெயில் அவள் மேல் படும்படி செய்வேன். அப்படி ஒரு காலையில்தான் சொன்னேன்.

"அந்தப் படத்துக்கு உன் பேரைப் போட்டிருக்கணும். நான் பண்ணது தப்பு. பத்திரிகைக்கு எழுதப் போறேன்."

அவள் எந்தப் படம் என்று கேட்கவில்லை.

"பேரு போனாப் போவுதுங்க. பேரை வெச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்" என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "கடையில சொன்னீங்களே, அதான். அந்த நாலு நாளு என்கிட்ட இருந்துச்சி. பாப்பா போனப்புறம் எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். நீங்க வாயால சொல்லச் சொல்ல, நான் அங்க இல்லாத மாதிரி ஆயிப்போச்சி. இப்ப கண்ண மூடினாலும் அந்தக் குடைக்குள்ள நீங்கதான் குந்திக்கினு இருக்கறீங்க."

நான் கட்டில் சட்டத்தில் முகத்தை வைத்து அழுதேன். அவள் என் தலையில் கை வைத்தாள். மன்னித்ததாகச் சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

"நீயே ஒரு தடவ சொல்லு. மொதல்லேர்ந்து. நான் கேக்கறேன், குறுக்க பேச மாட்டேன்" என்றேன்.

அவள் முயற்சி செய்தாள். அதை நான் பார்த்தேன். கூரையைப் பார்த்துக்கொண்டு, "மொத நாளு..." என்றாள். நெற்றி சுருங்கியது. கை போர்வையை நீவிக்கொண்டே இருந்தது. "மொத நாளு வெயிலு ஜாஸ்தி..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"ஞாபகம் வரலீங்க" என்றாள். "தண்ணி குடுங்க."

மாசியில் போய்விட்டாள். காலை வெயில் கட்டிலுக்கு வருவதற்கு முன்னாலேயே.

பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். படம் வந்த இதழைக் குறிப்பிட்டு, எடுத்தவர் யார் என்பதை எழுதி, அவள் பெயரை இரண்டு இடத்தில் அடிக்கோடிட்டு அனுப்பினேன். பதில் வரவில்லை. இன்னொன்று எழுதினேன். அதற்கும் வரவில்லை. எப்போதோ வந்த ஒரு படத்தைப் பற்றி யாருக்கு என்ன அக்கறை இருந்திருக்கும்.

கடைக்குத் திரும்பிய முதல் நாளே முதலாளியிடம் சொன்னேன். அந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை, என் மனைவி, நான் அந்த நாலு நாளும் இந்தப் பாயில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தெரியும்பா. கட்டினவ போயிட்டா மனசு இப்படித்தான் பேசும். எல்லாம் அவதான்னு தோணும். கொஞ்ச நாள்ல சரியாப் போயிடும்" என்றார்.

"இல்லீங்க, நெஜமாவே அவதான் எடுத்தா."

"சரிப்பா, சரி. அவதான் எடுத்தா" என்று குழந்தையைத் தட்டிக் கொடுப்பது போலத் தட்டிக் கொடுத்தார்.

மச்சினனிடம் சொன்னேன். "அக்கா மேல உங்களுக்கு எவ்ளோ பாசம் மாமா" என்று அழுதான். கூட வேலை செய்பவர்களிடம் சொன்னேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு வாடிக்கையாளர்கள் யார் கேட்டாலும் உண்மையையே சொல்வது என்று முடிவு செய்தேன்.

வைகாசி முகூர்த்தத்துக்கு வேலூரிலிருந்து ஓர் அம்மாளும் மகளும் கூறைப்புடவை எடுக்க வந்தார்கள். அம்மாள் படத்தைப் பார்த்துவிட்டு யார் எடுத்தது என்று கேட்டாள். "என் சம்சாரம் எடுத்ததுங்க. நாலு நாள் வெயில்ல தனியா உக்காந்திருந்து எடுத்தா. நான் கூட இல்ல. என் பேரைப் போட்டுக்கினேன். இப்ப அவ இல்லீங்க" என்றேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அந்த அம்மாள் படத்துக்குக் கீழே அச்சடித்திருந்த என் பெயரைப் பார்த்தாள். முதலாளி கல்லாவிலிருந்து அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி இல்லை என்று மெல்லத் தலையசைப்பதை நானும் பார்த்தேன். அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைத் தொட்டாள்.

"பாரும்மா. தன் பேரைக்கூட பொண்டாட்டிக்குக் குடுக்கிற மனுசன். இப்படி ஒருத்தர் கிடைக்கணும்னு வேண்டிக்கோ" என்றாள்.

அந்தப் பெண் என்னைக் கும்பிட்டாள். அவர்கள் காத்திருந்தார்கள். நான் அலமாரியிலிருந்து அடுத்த புடவையை எடுத்துப் பிரித்தேன்.